மேடேறிய வண்டிக்கு நான் எழுதிய அறிக்கை

உங்களை ஊரில் யாரும் மோட்டார் வாகன ஆய்வாளர் என்று கூப்பிடப் போவதில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் வேலையில் சேர்ந்த புதிதில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திருத்திப் பார்த்தேன். ஒரு டீக்கடைக்காரர், "சரிங்க சார், அப்போ பிரேக்க யாரு பாப்பாங்க?" என்று கேட்டார். அதோடு விட்டுவிட்டேன். யோசித்தால் அந்தப் பெயரில் ஒரு நியாயம் இருக்கிறது. ஓடுகிற வண்டியைப் பார்த்து ஊரே பயப்படும். நிற்கிற வண்டியைப் பார்த்துப் பயப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள் நாம் மட்டும்தான்.

விசை, திசைவேகம், உராய்வு எல்லாம் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள், அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. முப்பத்து மூன்று வருடத்தில் நான் எழுதிய ஆயிரக்கணக்கான வாக்கியங்களில் ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றிச் சொல்ல வந்தேன். அதில் பிழை ஒன்றும் கிடையாது. எந்த இயற்பியல் வாத்தியாரிடம் காட்டினாலும் முழு மார்க் போடுவார். அந்த வாக்கியத்தால் ஒரு மனிதன் அண்ணனைக் கொன்றவன் ஆனான்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஆறேழு வருடம் முன்பு நடந்தது இது. மார்கழிப் பனி. ஜவ்வாது மலைக்கு ஏறுகிற ரோட்டில் ஒரு குட்டியானை ஒருவரை நசுக்கிவிட்டது, வந்து வண்டியைப் பார்த்து அறிக்கை கொடுங்கள் என்று போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. குட்டியானை என்றதும் காட்டைப் பார்க்காதீர்கள். சின்ன சரக்கு வண்டிக்கு நம் பக்கத்தில் அதுதான் பெயர் என்பது உங்களுக்குத் தெரியும். மறுநாள் காலை பத்து மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோதும் பனி விலகவில்லை.

இடத்தைச் சொல்கிறேன், மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மலையேறுகிற ரோடு. இடப்பக்கம் வெட்டிவிட்ட பாறை. வலப்பக்கம் மரங்கள் அடர்ந்த சரிவு. முன்னால் எண்பது அடி தூரம் ரோடு மேலே ஏறி, ஒரு வளைவில் இடுப்பு உயரக் கல்சுவரில் முடிகிறது. அந்தச் சுவரில் மூக்கை அழுத்திக்கொண்டு வண்டி நின்றிருந்தது. பின்னால் பதினைந்து மூட்டை சிமென்ட். வானம் எங்கேயும் தெரியவில்லை. பாறையில் கோடு கோடாக இருந்த அடுக்குகளும் சரிவில் இருந்த மரங்களும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. அங்கே நின்ற அரை மணி நேரமும் எனக்கு லேசாகத் தலை சுற்றியது. காலையில் வெறும் வயிற்றில் வந்ததால் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் பார்த்தேன். சுவரின் அடியில் எலுமிச்சம்பழங்கள் கிடந்தன. ஒன்றிரண்டு இல்லை, நூற்றுக்கணக்கில். புதுசு மஞ்சளாக, பழசு கருத்துச் சுருங்கி, யாரோ கூட்டிப் பெருக்கி ஒதுக்கி வைத்ததுபோல் சுவர் ஓரமாகவே கிடந்தன. கூட வந்த ஏட்டு, "இங்க அம்மனுக்குப் பழம் வுடுவாங்க சார்," என்றார். டயரைப் பார்க்க இடைஞ்சலாக இருந்தது. ஷூவால் அவற்றைத் தள்ளிவிட்டேன்.

வண்டியை ஓட்டி வந்தவன் பெயர் ஏழுமலை. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சந்தவாசல் பக்கத்துக் கிராமம். இறந்து போனவர் அவனுடைய அண்ணன் சேட்டு. மலை மேல் யாரோ வீடு கட்டுகிறார்கள் என்று சந்தவாசலில் சிமென்ட் ஏற்றிக்கொண்டு அண்ணனும் தம்பியும் வந்திருக்கிறார்கள். ஏழுமலையைப் போலீஸ் ஜீப்பில் உட்கார வைத்திருந்தார்கள். என்னப்பா நடந்தது என்று கேட்டேன்.

"வண்டி சூடாயிடுச்சு சார். ஓரங்கட்டி நிறுத்தி, நியூட்ரல்ல வுட்டு ஹேண்ட்பிரேக் போட்டேன். பின்சக்கரத்துக்குக் கல்லும் வெச்சேன். அண்ணங்கிட்ட, பின்னாடி நிக்காத, நழுவுச்சின்னா கீழதான் வரும், மேல போயி அந்தச் செவுத்து மேல ஒக்காருன்னேன். நான்தான் சார் சொன்னேன். ரேடியேட்டருக்குத் தண்ணி புடிக்க ஊத்துக்கு எறங்கிப் போனேன். கேன ரொப்பிட்டுத் திரும்பிப் பாத்தா வண்டி மேல போய்க்கினு கீது."

"யார் ஓட்டினது?"

"யாரும் இல்ல சார். சத்தமே இல்ல. சும்மா போய்க்கினு கீது சார், யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி."

விசாரணை அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான் பாருங்க சார் என்றார். அவர் பக்கத்தில் நியாயம் இருந்தது. அண்ணன் தம்பிக்குள் கிணற்று முறைத் தகராறு, யார் என்றைக்கு மோட்டார் போடுவது என்று. மூன்று மாதம் முகம் பார்க்காமல் இருந்து, அந்த வாரம்தான் சமாதானம் ஆகியிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் அண்ணன் முதல் தடவையாகத் தம்பி வண்டியில் ஏறியிருக்கிறார். பார்த்த சாட்சியும் ஒன்று இருந்தது. சின்னப்பொண்ணு என்று ஒரு மலைக்காரப் பெண், பாறைக்கு மேலே நெல்லிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள். வண்டி மேலே வந்ததைப் பார்த்தாள். சேட்டு வண்டியைப் பார்த்துக் கையைத் தூக்கி நிறுத்து நிறுத்து என்று காட்டியதையும் பார்த்தாள். யாரும் இல்லாத வண்டிக்கு எவனாவது கை காட்டுவானா?

நான் என் வேலையைச் செய்தேன். கால்பிரேக் நன்றாக இருந்தது. ஸ்டியரிங்கில் குறை இல்லை. ஹேண்ட்பிரேக் கம்பியைப் பிடித்து நிறுத்துகிற பல் மட்டும் தேய்ந்திருந்தது. தேய்ந்த பல் எந்த நிமிடம் நழுவும் என்று அதற்கே தெரியாது. ஐந்து நிமிடம் பிடிக்கும், ஆறாவது நிமிடம் விட்டுவிடும். எண்பது அடி பின்னால், வண்டி முதலில் நின்ற இடத்தில், ஏழுமலை வைத்த கல் இரண்டும் அப்படியே இருந்தன. ஓர் அங்குலம் அசைந்த தடயம் இல்லை.

அப்போது என் புத்தி எப்படி ஓடியது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். பல் நழுவினால் வண்டி கீழே வரும். கீழே கல் இருந்தது. கல் அசையவில்லை. ஆகவே வண்டி கீழே வரவே இல்லை. மேலே போயிருக்கிறது. சும்மா கிடக்கிற பொருள் வெளியிலிருந்து ஒரு விசை தள்ளாமல் நகராது. ஒன்றரை டன்னுக்கு மேல் எடையை மேட்டில் ஏற்ற எஞ்சினை விட்டால் அங்கே வேறு விசை ஏது? எஞ்சின் ஓடியிருந்தால் யாரோ கியர் போட்டிருக்க வேண்டும். அங்கே இருந்தவன் ஒருவன்தான். கணக்கு ஓர் இடத்திலும் இடிக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் படிவம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: விபத்து இயந்திரக் கோளாறால் நேர்ந்ததா? இல்லை என்று எழுதிவிட்டு நான் எழுந்திருக்கலாம். கேட்காத கேள்விக்கும் பதில் எழுதினேன். "இயந்திர விசை இன்றி இவ்வாகனம் மேட்டுப் பகுதியை நோக்கி நகர இயலாது." கீழே கையெழுத்து, முத்திரை. அன்று சாயங்காலமே ஏழுமலையைக் கொலை வழக்கில் உள்ளே வைத்தார்கள்.

மேடு என்பதை நான் அளந்தேனா? அளக்கவில்லை. மேட்டை யாராவது அளப்பார்களா, கண் எதற்கு இருக்கிறது?

இரண்டு மாதம் போயிற்று. மலை மேல் ஒரு பள்ளிக்கூட வேனைப் பார்த்துவிட்டு நான் மட்டும் ஜீப்பில் இறங்கிக்கொண்டிருந்தேன். அந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். எதற்கு என்று கேட்டால், அந்தக் கை. அது என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. கொல்ல வருகிற வண்டியைப் பார்த்தால் மனிதன் எழுந்து ஓடுவான். சேட்டு ஏன் சுவர் மேலேயே உட்கார்ந்து கையைத் தூக்கினார்? பகல் பதினொரு மணி, அன்றைக்கும் பனி இருந்தது. ஒரு பறவைச் சத்தம் கூட இல்லை.

வளைவிலிருந்து தலையில் மூட்டையோடு ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். என்னை, ஜீப்பை, சுவரை வரிசையாகப் பார்த்தாள். நான் இன்னார் என்று சொன்னதும், "நான்தான் சார் சாட்சி சொன்ன சின்னப்பொண்ணு," என்றாள். நான்கு வார்த்தை கேட்க வேண்டும், மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நில்லம்மா என்றேன்.

"இங்க எறக்க மாட்டோம் சார். காயி உருண்டு போயிடும்."

"எங்கே போகும், கீழேயா?"

அவள் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "இது கண்ணுக்கு மேடு, காலுக்குப் பள்ளம் சார். சும்மா நடந்தா தெரியாது. வண்டில போனா சுத்தமாத் தெரியாது. தலையில சும வெச்சிக்கினு நடந்து பாருங்க, மொழங்கால் சொல்லும். அம்மா இழுக்கிறா. அதுக்குத்தான் பழம் வுடுறது."

மூட்டைக்குள் கையை விட்டு ஒரு நெல்லிக்காயை எடுத்தாள். நாங்கள் நின்ற இடத்தில் ஒரு கையால் மூட்டையைப் பிடித்தபடி குந்தி, தார் ரோட்டில் வைத்துக் கையை எடுத்தாள்.

காய் சற்று நேரம் அப்படியே இருந்தது. பிறகு மெல்லத் திரும்பியது. பிறகு மேலே ஏற ஆரம்பித்தது.

எனக்கு அப்போது ஐம்பது வயதுக்கு மேல். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து மலை ரோடுகளில் புரண்ட வண்டிகளையும் அவற்றில் வந்தவர்களையும் பார்த்தவன். ஒரு நெல்லிக்காயைப் பார்த்து என் பிடரி மயிர் நின்றது. காய் போகப் போக வேகம் எடுத்தது. எண்பது அடி மேட்டை ஏறி, சுவர் அடியில் கிடந்த எலுமிச்சம்பழங்களுக்குள் போய் முட்டி நின்றது. நூற்றுக்கணக்கான பழங்கள் அங்கே எப்படிச் சேர்ந்தன என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. யாரும் கொண்டு போய் வைக்கவில்லை. இங்கே விட்டிருக்கிறார்கள், அவை போயிருக்கின்றன.

அவளே மேலும் சொன்னாள். "அன்னிக்கும் இப்பிடித்தான் சார் வண்டி வந்துச்சு. சத்தமே இல்ல."

"இதை ஏம்மா போலீஸில் சொல்லவில்லை?"

"வண்டி வந்துச்சான்னாங்க, வந்துச்சின்னேன். கை காட்டுனாரான்னாங்க, காட்டுனாருன்னேன். சத்தம் கேட்டுச்சான்னு யாரும் கேக்கல சார். அந்தத் தம்பி அப்புறமா கீழேர்ந்து கேனோட ஓடியாந்துச்சு. அதையும் யாரும் கேக்கல."

"சேட்டு ஏன் ஓடவில்லை?"

அவள் மூட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அவரு சிரிச்சிக்கினு இருந்தாரு சார். கண்ணாடி பூரா பனி. உள்ள தம்பி இருக்கிறாப்ல, வெளையாட்டுக்கு மேல வுடுறாப்லன்னு நெனச்சாரு போல. சிரிச்சிக்கினேதான் கை காட்டுனாரு. கிட்ட வர்ற வரைக்கும்."

அவள் போய்விட்டாள். நான் ஜீப்பைத் திருப்பி, குட்டியானை நின்ற அதே இடத்தில், அதே முகமாக நிறுத்தினேன். எஞ்சினை அணைத்தேன். கியரை நியூட்ரலில் தள்ளினேன். ஹேண்ட்பிரேக்கை விடுவித்துக் காலை எடுத்தேன். எதிரே ரோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது, அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஜீப் முன்னால் நகர்ந்தது. டயருக்கு அடியில் சரளை நெரிகிற சத்தம் மட்டும். யாருமே ஓட்டாத வண்டிக்குள் ஓட்டுநர் இருக்கையில் நான் உட்கார்ந்திருந்தேன். சுவர் கிட்டத்தில் வந்தபோது இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தேன்.

பாதி குடித்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து ரோட்டில் நீளவாக்கில் படுக்க வைத்தேன். காற்றுக்குமிழி எப்போதும் உயரமான பக்கத்துக்குத்தான் போகும். அது எனக்குப் பின்பக்கம், கீழே என்று நான் சத்தியம் செய்யக்கூடிய பக்கம், போய் நின்றது. பாட்டிலைத் திருப்பி வைத்தேன். மறுபடியும் அதே பக்கம். அடுத்த வாரம் ஒரு கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கிப் போய் முறையாகவே அளந்தேன். நூறு அடிக்கு இரண்டடி இறக்கம், சுவரை நோக்கி. மலையேறுகிற ரோட்டில் நடுவே ஒரு சின்ன இறக்கம். சுற்றிலும் பாறையும் மரமும் சாய்ந்து நின்று, அடிவானம் மறைந்து, கண்ணை ஏமாற்றுகிறது. அவ்வளவுதான். ஏழுமலை கல்லைச் சரியாகத்தான் வைத்தான், மேட்டுப் பக்கத்தில். அண்ணனைப் பத்திரமாகத்தான் உட்கார வைத்தான், பள்ளத்துப் பக்கத்தில்.

விளக்கம் கிடைத்ததும் பயம் போய்விடும் என்று நினைப்பீர்கள். போகவில்லை. அளவு கையில் இருக்கிறது, நிமிர்ந்து பார்க்கிறேன், ரோடு மேலேதான் ஏறுகிறது. கண்ணை மூடித் திறந்து பார்க்கிறேன், மேலேதான் ஏறுகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதுவரை எத்தனை அறிக்கையில் மேடு என்றும் பள்ளம் என்றும் கண்ணை நம்பி எழுதியிருப்பேன் என்று ஓர் எண்ணம் வந்தது. அதற்குப் பிறகு அன்றைக்கு என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

தம்பிகளே, தங்கைகளே, கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நாமெல்லாம் சின்ன வயதில் ஒப்பித்திருக்கிறோம். நான் தீர விசாரித்தேன் என்றே நினைத்தேன். பிரேக்கை விசாரித்தேன், கல்லை விசாரித்தேன், பல்லைக் கூட விசாரித்தேன். என் கண்ணை மட்டும் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை. விசை கண்ணுக்குத் தெரியாது. நிற்கிற வண்டியில் விசையே இல்லை என்று தோன்றும். உண்மையில் பூமி இழுத்துக்கொண்டே இருக்கிறது, ஒரு தேய்ந்த பல் தாங்கிக்கொண்டே இருக்கிறது. இரண்டில் ஒன்று விடுகிற வரைக்கும் அமைதி. அந்த அமைதியைப் பார்த்து இங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று நாம் எழுதிவிடுகிறோம். வேகத்தைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். அந்தக் குட்டியானை வந்த வேகத்துக்கு நீங்கள் பேசிக்கொண்டே கூட நடக்கலாம். ஆனால் ஒன்றரை டன் நடந்து வந்தாலும் ஒன்றரை டன்தான்.

இனிமேல் சொல்லப் போவது எனக்கு வெட்கமான பகுதி. உண்மை தெரிந்த மறுநாளே நான் ஓடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. மேலதிகாரி ஒருவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"அறிக்கை போயாச்சு. நீங்களே திருத்தினா, அன்னிக்கு இன்னா பாத்தீங்கன்னு உங்களத்தான் கேப்பாங்க. ப்ரமோஷன் லிஸ்ட் வர்ற நேரம். கோர்ட்ல வக்கீலு கேட்டா அப்பப் பாத்துக்கலாம், விடுங்க," என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். நானும் விட்டேன். ஒரு மாதத்துக்கும் மேல் விட்டேன். சாப்பிட்டேன், தூங்கினேன், ஆலங்காயத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கினேன். அத்தனை நாளும் அவன் உள்ளே இருந்தான்.

கல்யாண வீட்டிலிருந்து திரும்புகிற வழியில் என் மனைவி, "ஒரு மாசமா வண்டிய நிறுத்துனா மூணு தடவ எறங்கி எறங்கிப் பாக்கறீங்களே, இன்னா ஆச்சு உங்களுக்கு?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து சொன்னேன், முழுவதையும். அவள் திட்டவில்லை. "அந்தப் பையனுக்கு அம்மா இருக்குதா?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். எனக்கு அதுகூடத் தெரியவில்லை. விடிந்ததும் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

விசாரணை அதிகாரி முதலில் நம்பவில்லை. அவரை மலைக்கு அழைத்துப் போய், அவருடைய ஜீப்பில் அவரையே உட்கார வைத்து, நியூட்ரல் போட்டுக் காலை எடுக்கச் சொன்னேன். ஜீப் மேடேறியது. அவர், "யோவ், யோவ்" என்று யாரையோ அதட்டினார். ஜீப்பில் வேறு யாரும் இல்லை. அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. என் தவற்றை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோர்ட்டிலும் போய்ச் சொன்னேன். சின்னப்பொண்ணிடம் இந்த முறை கேட்க வேண்டியதைக் கேட்டு எழுதினார்கள். கொலை வழக்கு நிற்கவில்லை. ஏழுமலை வெளியே வந்தான். எனக்கு ப்ரமோஷன் இரண்டு வருடம் தள்ளிப்போனது, அது ஒரு பெரிய விஷயம் இல்லை.

வெளியே வந்த இரண்டாம் வாரம் அவன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தான். நான் அவனை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்வது, அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று இருந்தேன். அவன் திட்டவில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னால் நுனியில் உட்கார்ந்தான். மெலிந்திருந்தான். நான் காகிதத்தில் படம் போட்டு, ரோடு எப்படி இறங்குகிறது, கண்ணுக்கு ஏன் ஏறுவதுபோல் தெரிகிறது, பல் எப்படி நழுவியது என்று எல்லாவற்றையும் சொன்னேன். உன் மேல் ஒரு தப்பும் இல்லை, அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் அதே பக்கம்தான் கல்லை வைத்திருப்பேன் என்றேன். என்னை மன்னித்துவிடு என்றும் சொன்னேன்.

தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். அவனுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, "உங்க அண்ணன் பயந்து சாகலப்பா. கடைசி வரைக்கும் சிரிச்சிக்கிட்டுதான் இருந்தாராம்," என்றேன்.

"ஆமா சார்," என்றான். "கண்ணாடி வழியாப் பாத்தேன்."

நீ அப்போது ஊற்றில் அல்லவா இருந்தாய் என்று கேட்டேன்.

"ஊத்துலதான் சார் இருந்தேன். அதுவும் தெரியுது. உள்ள இருக்கறப்ப உங்க எழுத்த என்கிட்டப் படிச்சிக் காட்டுனாங்க. எஞ்சின் இல்லாத வண்டி மேல போவாதுன்னு. மொதல்ல, இல்லைன்னு கத்துனேன். அப்புறம் நெனச்சேன், படிச்சவரு, முத்திர வெச்சி எழுதியிருக்கிறாரு, அவரு பொய்யா சொல்லப்போறாரு? அப்போ நான்தான் ஓட்டியிருப்பேன், பயத்துல மறந்துட்டேன்னு நெனச்சேன். தெனமும் நெனச்சி நெனச்சிப் பாத்தேன் சார். ஒரு நாளு ஞாபகம் வந்துடுச்சி. சாவி திருப்புனது. மொத கியர் போட்டது. கிளட்ச்ச வுடறப்ப கால் நடுங்குனது. எல்லாம் வந்துடுச்சி."

"எப்போ வந்தது?"

"நீங்க திருத்தி எழுதுறதுக்கு ஒரு மூணு நாளு முன்ன இருக்கும் சார்."

பாயசம் கேட்டு வாங்கிய அந்த வாரம். எனக்கு அழுகை வந்தது. அவன் முன்னால் அழ எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று அடக்கிக்கொண்டேன். அது நடக்கவே இல்லை ஏழுமலை, நீ அந்த வண்டியில் இல்லை, சின்னப்பொண்ணு உன்னைப் பார்த்திருக்கிறாள், கேனோடு கீழேயிருந்து ஓடி வந்தாய் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"தெரியுது சார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்பவும் அப்பிடித்தான நெனச்சேன்," என்றான். வாசல் வரை போய்த் திரும்பி நின்றான். "அண்ணனுக்குப் புள்ள இல்ல சார். தெவசம் நான்தான் குடுக்கணும். ரெண்டும் ஞாபகத்துல கீது. எத நெனச்சிக்கினு எள்ளும் தண்ணியும் வுடட்டும்?"

நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அந்த வருடம் தெவசத்துக்குப் போனேன். குளத்துக் கரையில் நின்றேன். எள்ளைக் கையில் வாங்கிக்கொண்டு, தண்ணீர் விடுவதற்கு முன் அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நீ இல்லை என்று தலையை அசைத்தேன். பிறகுதான் விட்டான். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் போகிறேன். ஒவ்வொரு வருடமும் திரும்பிப் பார்க்கிறான். போன வருடம் எனக்கு முழங்கால் ஆப்பரேஷன் ஆகி நடக்க முடியாமல் வீட்டிலேயே இருந்தேன். மத்தியானம் இரண்டு மணிக்கு வாசலில் ஈர வேட்டியோடு வந்து நின்றான், உள்ளங்கையில் எள்ளை மூடிப் பிடித்தபடி, இன்னும் விடாமல்.